எங்க ஊருணி இருக்கிற மேப்

ஆர்கானிக் மேப்ஸ் என் போனில் இருக்கிறது என்பதே எனக்கு ஒரு தெம்பு. காசு கேட்காது, விளம்பரம் காட்டாது. பெயர், நம்பர், மின்னஞ்சல் என்று எதையும் கேட்டு வாசலில் நிறுத்தி வைக்காது. தமிழ்நாட்டு மேப்பை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் போதும், சிக்னல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தெருவும் கண்மாயும் ஒற்றையடிப் பாதையும் சட்டைப்பையில் கூடவே வரும். அந்தக் கோப்பு ஒரு சினிமாப் படத்தைவிடச் சிறியது. இவ்வளவு நல்ல ஒன்றைச் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறார்களே என்று நான் இன்னமும் வியந்துகொண்டுதான் இருக்கிறேன்.

யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி, “அதான் கூகுள் மேப் இருக்கே, அப்புறம் இது எதுக்கு?” நியாயமான கேள்விதான். அதற்கு டீக்கடையில் நின்றுகொண்டே பதில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

யாருக்கு எந்த மேப்?

என் மச்சான் சென்னையில் கால் டாக்ஸி ஓட்டுகிறார். அவருக்குக் கூகுள் மேப்ஸ்தான் எல்லாம். கத்திப்பாராவில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டியிருக்கும், ஓ.எம்.ஆர். பக்கம் திரும்பலாமா வேண்டாமா என்பதை அந்தச் சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் சொல்லிவிடும். சாலையில் போகிற ஆயிரக்கணக்கான போன்கள் எந்த வேகத்தில் நகர்கின்றன என்பதைத் திரட்டித்தான் கூகுள் அந்த நிறங்களைத் தீட்டுகிறது. 2005 பிப்ரவரியில் தொடங்கிய அந்தச் சேவைக்கு இன்று இருக்கும் பயனர் கூட்டம்தான் அதன் பலம். நெரிசலைச் சொல்வதில் அதை மிஞ்சுவது கடினம். பெயர் தெரியாத ஊரில் ராத்திரி பத்து மணிக்கு எந்த மெஸ் திறந்திருக்கும் என்று பார்க்கவும் அதுதான் சரி.

ஐபோன் வைத்திருக்கும் என் அலுவலகத் தோழிக்கு ஆப்பிள் மேப்ஸ் பிடிக்கும். 2012 செப்டம்பரில் அது வெளிவந்தபோது பிழைகள் மலிந்திருந்தன. ஆப்பிளின் தலைவர் டிம் குக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், அது சரியாகும்வரை போட்டி நிறுவனங்களின் மேப்புகளைப் பயன்படுத்துங்கள் என்றும் சொன்னார். அப்புறம் பல வருடம் பாடுபட்டு அதைத் திருத்தி எழுப்பினார்கள். இன்று அதன் எழுத்தும் நிறமும் கண்ணை உறுத்தாமல் இருக்கின்றன என்பதுதான் தோழி சொல்லும் காரணம். வேஸ் என்று இன்னொன்று உண்டு. இஸ்ரேலில் பிறந்தது, 2013-இல் கூகுள் வாங்கியது. முன்னால் விபத்து, பள்ளம், போலீஸ் சோதனை என்று ஓட்டுநர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் மேப் அது. நெடுஞ்சாலையிலேயே வாழ்கிறவர்களுக்கு அந்தப் பேச்சுத்துணை பிடித்துப்போகிறது.

ஆக, ஒரு மேப் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் நாம் எங்கே, எதில் ஏறிப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. நானும் நண்பர்களும் போவது மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு. யானைமலை, நாகமலை, கீழக்குயில்குடி, கீழவளவு, மாங்குளம், அரிட்டாபட்டி. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் சமணத் துறவிகள் தங்கிய குகைகளும், பாறையில் வெட்டிய படுக்கைகளும், அவற்றின் நெற்றியில் செதுக்கிய தமிழி எழுத்துகளும் இருக்கிற இடங்கள். மாங்குளம் கல்வெட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரே வருகிறது. அங்கெல்லாம் கார் ஏறாது. தார்ச்சாலை முடிகிற இடத்தில்தான் எங்கள் பயணம் தொடங்கும். அந்த இடத்திலிருந்து எனக்கு வழி காட்டுகிற மேப் எதுவோ அதுதான் என் மேப்.

தார்ச்சாலை முடிந்த பிறகு

குன்றின் அடிவாரத்தில் நின்று ஆர்கானிக் மேப்ஸைத் திறந்தால் திரையில் என்ன தெரிகிறது என்று சொல்கிறேன். வெளிர் நிறத் தரை. அதன்மேல் மெல்லிய பழுப்புக் கோடுகள் அலை அலையாக வளைந்து போகும். அவை சமவுயரக் கோடுகள். ஒவ்வொன்றிலும் அது கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று பொடி எழுத்தில் இருக்கும். கோடுகள் விலகி விலகி இருந்தால் சரிவு சாது, குழந்தையைக்கூடக் கூட்டிப் போகலாம். நெருங்கி ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே செங்குத்துப் பாறை, சுற்றித்தான் போக வேண்டும். யாராவது நடந்து பார்த்து வரைந்து வைத்திருந்தால் ஒற்றையடிப் பாதை புள்ளிக் கோடாக ஓடும். படிக்கட்டு என்றால் வேறு விதமான கோடு. நடைவழி கேட்டால், எவ்வளவு தூரம், எவ்வளவு ஏற்றம், எவ்வளவு இறக்கம் என்று கீழே ஒரு சின்ன மலைவடிவப் படமே போட்டுக் காட்டிவிடும். காலை ஏழு மணிக்கு அந்தப் படத்தைப் பார்த்தே யாரெல்லாம் மேலே வரலாம், யார் அடிவாரத்துக் கோயிலில் உட்காரலாம் என்று நாங்கள் முடிவு செய்துவிடுவோம்.

இந்தச் சமவுயரக் கோடுகளுக்குப் பின்னால் உள்ள கதையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றிச் சுற்றி வந்து, நிலத்தின் மேடு பள்ளத்தை ரேடாரால் அளந்தது. அந்த அளவுகளை நாசா பொதுவில் வைத்தது. இன்று உலகெங்கும் மலையேறுகிறவர்கள் பயன்படுத்தும் எத்தனையோ மேப்புகளுக்கு அந்த 11 நாள் வேலைதான் அடித்தளம். மேலூர்ப் பக்கத்துக் குன்று ஒன்றில் நான் கால் வைப்பதற்கு முன்பே அதன் உயரத்தை மேப் எனக்குச் சொல்லிவிடுகிறது என்றால், ஒரு நாட்டு மக்களின் வரிப்பணத்தில் அளந்ததை உலகத்துக்கே கொடுத்த அந்த மனசுதான் காரணம்.

“நெட் இல்லாம எப்படி நீங்க நிக்கிற எடத்தைக் காட்டுது?” என்று கேட்காத ஆளே இல்லை. இதைப் புரிந்துகொண்டால் மேப்பைப் பற்றிய பாதிப் பயம் போய்விடும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை வானொலி நிலையம் மாதிரி ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும், நம் போன் அதைக் காது கொடுத்துக் கேட்கும், அவ்வளவுதான். நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்துவிட்டால், எது எவ்வளவு தாமதமாக வந்தது என்று கணக்குப் போட்டுத் தான் இருக்கும் இடத்தைப் போனே கண்டுபிடித்துக்கொள்ளும். இதற்கு செல்போன் டவர் வேண்டாம், டேட்டா வேண்டாம். நம் இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்களின் சிக்னலையும் இப்போது வருகிற பல போன்கள் பிடிக்கின்றன. 2000 மே மாதம்வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 100 மீட்டர்வரை தள்ளிக் காட்டும். அந்தத் தடையை நீக்கிய நாளிலிருந்துதான் ஜிபிஎஸ் நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு உதவ ஆரம்பித்தது.

அப்படியானால் நெட் எதற்குத் தேவைப்படுகிறது? மேப் படத்தைக் கொண்டுவந்து காட்டுவதற்கு. ஆர்கானிக் மேப்ஸில் அந்தப் படம் ஏற்கெனவே போனுக்குள் இருக்கிறது. தேடுவதும் வழி போடுவதும்கூடப் போனுக்குள்ளேயே நடக்கிறது. கூகுள் மேப்ஸிலும் ஒரு பகுதியை இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் நெட் இல்லாதபோது அது வண்டிக்கான வழியைத்தான் சொல்லும், நடைவழி சொல்லாது. எனக்கோ நடைவழிதான் உயிர். நான் டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் மலை ஏறுவேன். நாள் முழுக்க நடந்து இறங்கிய பிறகும் பேட்டரியில் தாராளமாக மிச்சம் இருக்கும். ஒரே ஒரு விஷயம், டேட்டா இல்லாதபோது முதல்முறை இடம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். மரநிழலை விட்டுத் திறந்தவெளிக்கு வந்து ஓரிரு நிமிடம் நின்றால் போதும், நீல அம்பு வந்து உட்கார்ந்துவிடும்.

மேப்பைப் போட்டது யார்?

ஆர்கானிக் மேப்ஸ் ஒரு கண்ணாடிதான். அதன் வழியாக நாம் பார்ப்பது ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற மாபெரும் வேலையை. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதன் தரவை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும், மேம்படுத்தி வெளியிட்டால் அந்தத் தரவையும் அதேபோலத் திறந்து வைக்க வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான்.

2004-இல் லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஸ்டீவ் கோஸ்ட் என்ற இளைஞர் தொடங்கியது இது. இங்கிலாந்தின் அரசு அளவைத் துறையிடம் அருமையான வரைபடங்கள் இருந்தன. ஆனால் அவற்றின் தரவை எடுத்து ஏதாவது செய்ய வேண்டுமென்றால் பெரும் பணமும் உரிமமும் தேவை. சரி, நாமே போட்டுக்கொள்வோம் என்று ஜிபிஎஸ் கருவியும் மடிக்கணினியுமாகக் கிளம்பினார்கள். 2006 மே மாதம் ஒரு வார இறுதியில் சுமார் 40 பேர் வைட் தீவில் கூடி, நடந்தும் சைக்கிளிலும் காரிலும் சுற்றி, அந்தத் தீவின் சாலைகளை வரைந்து எடுத்தார்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்கிற வேலையை நாற்பது பேர் ஆசைக்குச் செய்து காட்டியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பிறக்கிறது.

நம் மண்ணுக்கும் வரைபடத்துக்கும் உள்ள உறவு பழையது. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் நில அளவை தொடங்கியதே சென்னைப் பரங்கிமலைப் பக்கம்தான். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் அங்கே அடிக்கோடு அளக்க ஆரம்பித்தார். நூறடி எஃகுச் சங்கிலியை மாற்றி மாற்றி வைத்து, சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு அளந்தார்கள். கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. அதைத் தூக்கி மலை உச்சியிலும் கோயில் கோபுரத்திலும் ஏற்ற ஒரு படையே வேண்டியிருந்தது. அப்படி வியர்வை சிந்திப் போட்ட வரைபடம் ஆட்சி செய்கிறவர்களின் அலமாரிக்குப் போனது. விடுதலைக்குப் பிறகும் நெடுங்காலம் வரைபடத் தரவு கட்டுப்பாட்டில்தான் இருந்தது. 2021 பிப்ரவரியில்தான் மத்திய அரசு அந்த விதிகளைப் பெருமளவு தளர்த்தியது. சங்கிலி பிடித்த கூலியாள்கள் தங்கள் ஊர் மேப்பைக் கண்ணால் பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம். இன்று அந்தக் கூலியாளின் வம்சத்தில் வந்த ஒருவன் ஒரு சாதாரண போனில் தன் தெருவைத் தானே வரைகிறான். இந்த மாற்றத்தின் அளவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

நெருக்கடி வரும்போது இந்தத் திறந்த மேப்பின் அருமை இன்னும் தெரியும். 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் பூகம்பம் வந்தபோது தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு உருப்படியான தெரு வரைபடம் இல்லை. உலகின் மூலைமுடுக்கிலிருந்து தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருக்களையும் இடிந்த கட்டடங்களையும் சில நாள்களில் வரைந்து தள்ளினார்கள். மீட்புக் குழுக்கள் அதைத் தங்கள் கருவிகளில் ஏற்றிக்கொண்டு இடிபாடுகளுக்குள் போயின. 2015 இறுதியில் சென்னை மூழ்கியபோது, வரைபட வடிவமைப்பாளர் அருண் கணேஷ் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தளமாக வைத்து ஒரு மேப்பை வெளியிட்டார். தண்ணீர் நிற்கிற தெருவை யார் வேண்டுமானாலும் தொட்டுக் குறிக்கலாம். எந்தத் தெரு மூழ்கியிருக்கிறது என்பதை அங்கே நிற்கிறவர்களே மற்றவர்களுக்குச் சொன்னார்கள். தெருக்கோடுகள் பூட்டிக் கிடக்காமல் திறந்திருந்ததால்தான் ஒரு தனிமனிதர் அத்தனை வேகமாக அதைச் செய்ய முடிந்தது.

அப்பத்தா காட்டிய சுனை

எனக்கு இந்த மேப் வெறும் வசதி என்பதிலிருந்து சொந்தம் என்று ஆனது மேலூர்ப் பக்கம் ஒரு குன்றில். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா, கையில் தொரட்டியோடு பக்கத்தில் வந்தார்.

“எங்கிட்டு தம்பி போறீக?”

“மேல பஞ்சபாண்டவர் படுக்கைக்கு, அப்பத்தா.”

“அந்தப் பாதை முள்ளு மண்டிக் கெடக்கு. இந்தா, பாறைய ஒட்டி இப்பிடிக்கா ஏறுங்க. பாதி வழியில சுனை ஒண்ணு இருக்கு. சித்திரையில கூட வத்தாது. நாங்க குடிக்கிற தண்ணிதேன்.”

போனில் என்ன பார்க்கிறேன் என்று கேட்டார். திரையைக் காட்டினேன். ஊர், கண்மாய், கோயில் என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுச் சொன்னேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “கம்மாய் இருக்கு, சரி. எங்க ஊருணி எங்க?” என்றார். ஊருணி இல்லை.

“போட்டுருவோம் அப்பத்தா” என்றேன். அவர் சொன்ன வழியில் ஏறினேன். தடப் பதிவை ஓட விட்டேன். பாறை இடுக்கில் கண்ணாடி மாதிரித் தண்ணீர், மேலே ஒரு ஆலங்கன்று, பக்கத்தில் பித்தளைச் சொம்பு ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அங்கேயே நின்று சுனையைச் சேர்த்தேன். ஆர்கானிக் மேப்ஸிலேயே புதிய இடம் சேர்க்கும் வசதி உண்டு. அதற்கு மட்டும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்கு இருந்தால் போதும். இறங்கும்போது ஊருணிக்கரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

இரவு வீட்டில் கணினியைத் திறந்து, ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்திலேயே இருக்கும் ஐடி என்ற வரைவியில் உட்கார்ந்தேன். நான் நடந்த தடம் செயற்கைக்கோள் படத்தின்மேல் விழுந்தது. அதைப் பின்பற்றிப் புள்ளி புள்ளியாக வைத்தால் பாதை. கரையைச் சுற்றிப் புள்ளி வைத்து முதல் புள்ளியிலேயே முடித்தால் ஊருணி. இந்த மேப்பில் உள்ள எல்லாமே புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள், கோடுகளின் தொகுப்புகள், அவ்வளவுதான். ஒவ்வொன்றின்மேலும் குறிப்பு ஒட்டலாம். இது நீரூற்று, குடிக்கலாம். இது நடைபாதை, தரை பாறை. பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரு கட்டம், தமிழுக்குத் தனிக் கட்டம், உள்ளூரார் சொல்லும் பெயருக்கு இன்னொரு கட்டம். தொல்லியல் புத்தகம் ‘சமணர் படுக்கை’ என்று சொல்வதும், அப்பத்தாவின் ‘பஞ்சபாண்டவர் படுக்கை’யும் ஒரே புள்ளியில் சேர்ந்து உட்காரலாம். எதைத் தேடினாலும் இடம் கிடைக்கும். சேமி என்று அழுத்தினேன். சில நிமிடத்தில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் அந்தப் பாதை தெரிந்தது. ஆர்கானிக் மேப்ஸின் அடுத்த மேப் புதுப்பிப்பில் என் போனுக்கும் வந்து சேர்ந்தது.

பிறகு அந்தப் பக்கம் போனபோது அப்பத்தாவைத் தேடிப் பிடித்துத் திரையைக் காட்டினேன். நீல நிறத்தில் ஊருணி. அதன்மேல் தமிழில் பெயர். “இனிமே அசலூர்க்காரவுக தண்ணிக்கு அலைய வேண்டியதில்ல” என்றார். மேப் என்பது எதற்காக என்று யாராவது கேட்டால் நான் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்வேன்.

இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு, அதுவும் எனக்குப் பிடிக்கும். வேறு மேப்பைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது. நீங்கள் நேரில் பார்த்ததை, அல்லது அனுமதி தரப்பட்ட செயற்கைக்கோள் படத்தில் தெரிவதை மட்டும்தான் வரையலாம். 2010-இல் மைக்ரோசாஃப்ட் தன் பிங் வான்படங்களைப் பார்த்து வரைய அனுமதி கொடுத்தது பெரிய உதவி. ஆனாலும் வான்படத்தில் சுனை தெரியாது, சொம்பு தெரியாது, அந்தத் தண்ணீர் வற்றுமா வற்றாதா என்பது தெரியாது. அதற்கு ஒரு அப்பத்தாவும், அவர் சொல்வதை நின்று கேட்கிற ஒரு ஆளும் வேண்டும்.

பூட்ட முடியாத பந்தல்

ஆர்கானிக் மேப்ஸின் சொந்தக் கதையே ஒரு வெற்றிக் கதை. 2011-இல் மேப்ஸ்வித்மீ என்ற பெயரில் பிறந்தது அதன் மூதாதை. 2014-இல் மேப்ஸ்.மீ என்று பெயர் மாறி ஒரு ரஷ்ய நிறுவனத்தின் கைக்குப் போனது. அடுத்த வருடம் அதன் நிரலைப் பொதுவில் திறந்து வைத்தார்கள். 2020 இறுதியில் வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது, செயலியின் போக்கும் மாறியது. அதைத் தொடக்கத்தில் உருவாக்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. திறந்து வைத்த நிரல் இருக்கிறதே! அதை எடுத்துச் சுத்தம் செய்து, விளம்பரத்தையும் வேவு பார்க்கும் துணுக்குகளையும் பிடுங்கி எறிந்து, 2021-இல் ஆர்கானிக் மேப்ஸாக வெளியிட்டார்கள். நிர்வாகம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபட்ட தன்னார்வலர்கள் சிலர் 2025-இல் கோமேப்ஸ் என்ற பெயரில் தனியாகத் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவைத்தான் காட்டுகின்றன. என் ஊருணி இரண்டிலும் இருக்கும். எனக்கு வேண்டியது அதுதான்.

இதோடு இன்னொரு கதையை ஒப்பிட்டுப் பாருங்கள். கூகுள் 2008-இல் மேப் மேக்கர் என்ற வசதியைக் கொண்டுவந்தது. அதில் இந்தியாவைச் சேர்ந்த பொறியாளர்களின் பங்கு பெரியது. நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் உட்கார்ந்து தெருத்தெருவாகச் சேர்த்தார்கள். 2017-இல் நிறுவனம் அதை மூடியது. சேர்த்தவை கூகுள் மேப்ஸில் இருக்கின்றன, பலருக்கும் பயன்படுகின்றன, சந்தோஷம். ஆனால் சேர்த்தவர்கள் அவற்றை எடுத்து, தங்கள் ஊராட்சிக்கு ஒரு மேப் அச்சடிக்க நினைத்தால் அந்த நிறுவனத்தின் விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் செய்ய வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நான் சேர்த்ததை நாளைக்கு ஒரு பள்ளி ஆசிரியர் பெரிதாக அச்சடித்து வகுப்பறையில் மாட்டலாம். ஒரு சைக்கிள் குழு தன் செயலியில் காட்டலாம். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

கோடை வந்தால் ஊர் முக்கில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்களே, அதுதான் இது. யார் நீ, எந்த ஊர் என்று கேட்காமல் மோந்து கொடுக்கும் பந்தல். ஆர்கானிக் மேப்ஸ் நன்கொடையில் ஓடுகிறது. குடித்துவிட்டுப் போகிறவர்களில் முடிந்தவர்கள் ஒரு குடம் ஊற்றிவிட்டுப் போகிறார்கள், பானை வற்றுவதே இல்லை.

குறை இல்லையா என்றால், எதில் என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிந்திருந்தால் போதும் என்பேன். நேரலை நெரிசல் இதில் கிடையாது. மாநகரப் பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லாது. சென்னை மெட்ரோவின் வழித்தடங்களை அழகாகக் காட்டும், ஆனால் ரயில் இப்போது எங்கே வருகிறது என்று கேட்கக் கூடாது. கதவு எண் போட்டு வீடு தேடுவது நம் ஊரில் இன்னும் கஷ்டம்தான். யாரும் வரையாத ஊர் வெறுமையாகவே தெரியும். கடைசியாகச் சொன்னதை நான் குறையாகவே நினைப்பதில்லை. வெற்றிடம் தெரிகிற இடத்தில் நமக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் தெருவில் என்ன விட்டுப்போயிருக்கிறது?

வரைவதற்கு மலை ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலியைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி மேப்பில் எது எது நிரப்பப்படாமல் இருக்கிறதோ அதைக் கேள்வியாகக் கேட்கும். இந்தச் சாலை தாரா, சிமெண்டா, மண்ணா? தெருவிளக்கு இருக்கிறதா? இந்தப் பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை உண்டா? இந்தக் கடைக்குச் சக்கர நாற்காலி போகுமா? பார்த்துப் பதிலைத் தட்டினால் போதும், அது நேராக மேப்பில் ஏறிவிடும். என் அக்கா மகள் மாலை நடைக்கு வரும்போது கேட்பதே, “மாமா, இன்னிக்கு எந்தத் தெரு?” என்றுதான். படிக்கட்டு இல்லாத வாசல் எது என்று அவள் பார்த்துப் பார்த்துக் குறிக்கிறாள். சக்கர நாற்காலியில் வரும் ஒருவருக்கு அந்த ஒரு பதில் எவ்வளவு பெரிய உதவி!

இன்னும் ஆழமாகப் போக ஆசையுள்ளவர்களுக்கு ஓஸ்மண்ட் இருக்கிறது. அதுவும் இதே தரவைக் காட்டுவதுதான். மலைச்சரிவின் நிழல், சைக்கிள் தடம், படகு வழி என்று அடுக்கு அடுக்காகப் போட்டுப் பார்க்கலாம். நீண்ட தூரம் சைக்கிள் மிதிக்கும் நண்பர்கள் அதை விடவே மாட்டார்கள். எனக்கு ஆர்கானிக் மேப்ஸின் எளிமை போதும். திறந்த உடனே மேப், விரல் வைத்தால் வழுக்கிக்கொண்டு நகரும் வேகம், வேறு எந்தத் தொந்தரவும் இல்லை.

இன்று மாலையே ஆர்கானிக் மேப்ஸை நிறுவுங்கள். வைஃபையில் இருக்கும்போதே தமிழ்நாட்டை இறக்குங்கள். உங்கள் தெருவைத் திறந்து பாருங்கள். ரேஷன் கடை இருக்கிறதா? அடிபம்பு இருக்கிறதா? அங்கன்வாடி, சத்துணவுக்கூடம், ரயில்வே கேட்டைத் தாண்டாமல் போகிற அந்தக் குறுக்குச் சந்து, ஊர் மந்தை, கோயில் தெப்பக்குளத்துக்கு இறங்கும் படி? ஏதாவது ஒன்று நிச்சயம் விட்டுப்போயிருக்கும். அது உங்களுக்குத் தெரியும், எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. அதைச் சேர்த்துவிடுங்கள். நாளைக்கு உங்கள் ஊருக்குப் புதிதாக வருகிற செவிலியர், தபால்காரர், பரீட்சை எழுத வருகிற பிள்ளை என்று யாரோ ஒருவர் யாரையும் நிறுத்திக் கேட்காமல் அங்கே போய்ச் சேருவார்.